ஆன்செல்ம் விட்ட ஒரே ஞாயிற்றுக்கிழமை

என் அக்காள் புருஷன் ஆன்செல்ம் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையைக் கேட்டு முடித்ததும் மடையன் என்று சொல்லத் தோன்றும். சொல்லிக்கொள்ளலாம். நானே அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் நல்ல மனிதர்.

எங்கள் ஊர் மாரிலியில் மதகைத் தாண்டினால் முதலில் என் சாப்பாட்டுக் கடை, அதை ஒட்டி அவருடைய கொட்டகை. உவாஸ் ஆற்றில் பாரிசுக்கு நிலக்கரி கொண்டுபோகிற சரக்குப் படகுகளைக் கரையேற்றிப் பூசுவது அவர் தொழில். அடியில் தார், மேலே பெயின்ட், முகப்பில் படகின் பெயர். என் அக்காள் போன பிறகு அவருக்கு மகள் நினெத்தும் அந்த பிரஷ்களும்தான் உலகம். பிரஷ்களை ராத்திரி எண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு, "தூங்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் விளக்கை அணைப்பார் என்று நினெத் கேலி செய்வாள்.

இந்தத் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. பிரஷ் படாமல் விட்டுப்போன இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை என்று பெயர். விரல் நகம் அளவு போதும், அதன் வழியே தண்ணீர் இறங்கி ஒரே குளிர்காலத்தில் பலகையை மக்கவைத்துவிடும். பூசி முடித்த படகில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்துவிட்டால், பூசியவர் என் கடையில் எல்லாருக்கும் ஒரு குடுவை வெள்ளை ஒயின் வாங்கித்தர வேண்டும். இது எங்கள் கரையின் சட்டம். மற்றவர்கள் எல்லாரும் வாங்கித்தந்திருக்கிறார்கள். ஆன்செல்ம் ஒருமுறைகூட இல்லை. படகுக்காரர்கள் படகுக்கு அடியில் வயிற்றால் ஊர்ந்து, விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடுவார்கள்.

"ஒண்ணாவது விட்டுத் தொலையேன் ஆன்செல்ம்! தொண்டை காயுது!" என்று கத்துவார்கள்.

"நான் செத்தப்புறம் வேற எவனாவது பூசுவான், அவங்கிட்ட குடிச்சுக்கோங்க," என்பார் அவர். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமிதம் இருக்கும். அந்தப் பெருமிதத்தைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

படம் வரைகிற மத்மசேல் வரென், கல்யாணமாகாதவள், மூன்று கோடைகளாக எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தாள். என் மாடியறையில்தான் தங்குவாள். முப்பதைத் தொட்டிருப்பாள். ஒல்லி, வெயிலில் மூக்கு உரிந்திருக்கும், ஆண்கள் போடுகிற தடித்த பூட்ஸ் போட்டிருப்பாள். காலையில் காபியைக் குடித்துவிட்டுக் கடை முன்னால் படித்துறையில் உட்கார்ந்தால், வெளிச்சம் மாறும்வரை அசையமாட்டாள். மாறிவிட்டால் கித்தானை எடுத்து வைத்துவிடுவாள். மறுநாள் அதே நேரத்துக்கு, அதே வெளிச்சத்துக்கு மறுபடி உட்காருவாள்.

அவள் வரைகிற விதம் ஊருக்கு ஒரு வேடிக்கை. எதையும் இழுத்துப் பூசமாட்டாள். சின்னச் சின்னக் கோடாக வைப்பாள், வைத்ததைத் திரும்பத் தொடமாட்டாள். தண்ணீருக்குப் படுத்த கோடு, பாப்லர் மரங்களுக்கு நின்ற கோடு, வில்லோ கிளைகளுக்குச் சாய்ந்த கோடு. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் நீலம், மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா. கலக்குவதே இல்லை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் வெறும் கித்தான் வெள்ளையாகத் தெரியும். "விக்கல் எடுக்கும்போது வரைஞ்சதா மத்மசேல்?" என்று சலவைக்காரிகள் கேட்பார்கள். அவளும் சிரிப்பாள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் தட்டு கழுவிக்கொண்டே சமையலறை வாசலிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தால், தண்ணீர் அசைகிற மாதிரி இருக்கும். எப்படி என்று நான் யோசித்ததில்லை.

அந்த மூன்றாவது கோடையில் அவளுக்குக் கழுத்தில் கத்தி. லிமோஜில் நோட்டரி வேலை பார்க்கிற அண்ணன் ஒருவன். பெண்டாட்டி எப்போதும் நோயாளி, பிள்ளைகள் நிறைய. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு தங்கை சும்மா கிடைப்பாள் என்று காத்திருந்தான். "உன் பேரோட ஒரு படமாவது நாலு பேர் பாக்குற இடத்துல தொங்கட்டும், அப்புறம் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டேன். இல்லேன்னா இந்த நவம்பர் குளிருக்குள்ள இங்க வந்துடு" என்று சொல்லிவிட்டான். பாரிஸ் கண்காட்சிகள் அவளை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டன.

இந்த நேரத்தில்தான் துணை மேயர் பொன்ஸ்லே கடையில் வறுத்த பொடிமீன் தின்றுகொண்டே வாய் விட்டார். புதிதாகக் கட்டிய ஊர் மன்றத்தில் கல்யாணம் நடத்துகிற அறைச் சுவர் மொட்டையாக இருக்கிறது. நம் ஆற்றைப் படமாக வரைந்தது ஏதாவது இருந்தால், பார்க்கிற மாதிரி இருந்தால், வரைந்தவர் பெயரைப் படச் சட்டத்தில் பொன் எழுத்தில் போட்டு மாட்டலாம் என்றார். பக்கத்து மேசையில் மத்மசேல் சூப்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அன்றிலிருந்து படித்துறைப் படத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை.

செப்டம்பர் கடைசியில் முடித்தாள். அப்போது பார்த்து அண்ணன் வீட்டில் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம், போயே ஆக வேண்டும். என் கடையில் அடுப்புப் புகை. அதனால் ஈரம் காயட்டும் என்று படத்தை ஆன்செல்ம் கொட்டகையில் வைத்தாள். நானும் கூட இருந்தேன்.

"முடிஞ்சுதா மத்மசேல்?" என்று அவர் கேட்டார். படத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார்.

"முடிஞ்சுது முசியே ஆன்செல்ம். தூசி மட்டும் படாம பாத்துக்கோங்க. வெள்ளிக்கிழமை பொன்ஸ்லே வந்து பாப்பாரு. நான் சனிக்கிழமை வந்துடுவேன்."

"ம்," என்றார். அந்த 'ம்'மில் என்னவோ இருந்தது. நான் அப்போதே அவர் காதைத் திருகியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் ஓடி வந்தார். கையெல்லாம் பெயின்ட், முகமெல்லாம் சிரிப்பு. "ஒதில், வா வா. வந்து பாரு. அடுப்பு எங்கயும் போயிடாது."

போனேன். கொட்டகையின் வடக்குச் சன்னலுக்குக் கீழே படம். பக்கத்தில் ஒரு வாளி நிறைய ஆற்றுத் தண்ணீர்.

முதலில் எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. மரங்கள் இருந்தன, படித்துறை இருந்தது. ஆறு செத்துப்போயிருந்தது. கோடுகளுக்கு நடுவில் இருந்த வெள்ளையெல்லாம் போய், சாம்பல் பச்சையாக ஒரு நிறம் சந்து பொந்தெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. அவள் வைத்த ஆரஞ்சும் நீலமும் அதற்குள் சிக்கிக்கொண்டு கிடந்தன. அவ்வளவு சுத்தமான வேலை. ஓரம் பிசகவில்லை, ஒரு சொட்டு வழியவில்லை.

"என்ன அத்தான் இது?"

"பாத்தியா? பாவம், அந்தப் பொண்ணு. பெயின்ட் தீந்துபோச்சோ, அவசரமோ, வெளியே சொல்லக் கூச்சப்பட்டுட்டு முடிஞ்சுதுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. ஒரே ஞாயிற்றுக்கிழமையா இருந்துது ஒதில், படம் முழுக்க! நாளைக்கு அந்த பொன்ஸ்லே வந்து பாத்தா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். பொண்ணு மானம் போயிடும். அதான் ராத்திரியே ஆரம்பிச்சேன். நிறம் எப்படி? வாளியில தண்ணி மொண்டு வச்சுப் பாத்துப் பாத்துக் கலந்தேன். அச்சு அசல் நம்ம ஆறு!"

நான் வாளியைப் பார்த்தேன். கொட்டகை நிழலில் அந்தத் தண்ணீர் அழுக்குப் பச்சையாகச் சும்மா கிடந்தது. அவர் சொன்னது பொய்யில்லை, அச்சு அசல் அதே நிறம்தான்.

"மடையா!" என்றேன். அக்காள் புருஷன் என்ற மரியாதையெல்லாம் அந்த நிமிஷம் பறந்துபோயிற்று. "அது விட்டுப்போன இடம்னு உங்ககிட்ட யாரு சொன்னா? மூணு கோடையா நான் பாக்குறேன், எந்தப் படத்துலதான் அவ ரொப்பியிருக்கா? இதுல தண்ணி ஓடிக்கிட்டு இருந்துது. நீங்க கொட்டகைக் கதவு மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க!"

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. உதட்டில் அப்படியே நின்றது, கண் மட்டும் படத்துக்கும் எனக்கும் நடுவில் அலைந்தது. "வேணும்னேவா விடுவாங்க?" என்றார். "ஒதில், வேணும்னே யாராவது விடுவாங்களா?"

அழிக்கலாம் என்று டர்பன்டைனில் துணியை நனைத்தார். ஒரு மூலையில் ஒற்றிப் பார்த்தார். படகு பெயின்டில் சீக்கிரம் காய்வதற்கு ஒரு மருந்து கலப்பார்கள், விடிவதற்குள் இறுகிவிடும். அவருடையது கல்லாய் இறுகியிருந்தது. அவளுடையது இன்னும் வெண்ணெய்ப் பதத்தில் இருந்தது. துணியோடு வந்தது அவளுடைய நீலம்தான். அவர் கையை இழுத்துக்கொண்டார். காது நுனிவரை சிவந்துபோயிற்று. வாளித் தண்ணீரை எடுத்து வெளியே கொட்டிவிட்டு, காலி வாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை பொன்ஸ்லே வந்தார். ஆன்செல்ம் வாசலை மறித்துக்கொண்டு, "முசியே, இது மத்மசேல் வரைஞ்ச மாதிரி இல்ல, நான்…" என்று ஆரம்பித்தார். கூரை ஓடு விற்கிற பொன்ஸ்லே பிறர் வாக்கியம் முடியும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தார், தொப்பியைப் பின்னால் தள்ளினார்.

"அடடே! இப்பத்தான்யா படம் மாதிரி இருக்கு. அந்தக் கந்தல் மாதிரி வரைவாளே, அப்படி இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன். முழுசா இருக்கு! ஆன்செல்ம், சட்டத்துல எழுத்து வேலை உனக்குத்தான். பொன் தாள் வாங்கி வை."

அவர் போன பிறகு ஆன்செல்ம் மரப்பலகை மேல் உட்கார்ந்தார். பாராட்டு கிடைத்தால் அவமானம் குறையும் என்று நினைக்கிறவர்கள் அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பொன்ஸ்லே திட்டியிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார்.

சனிக்கிழமை சாயங்கால ரயிலில் அவள் வந்தாள். நான் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்று படியில் இறங்கினேன். ஆன்செல்ம் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "நான் சொல்றேன். நான்தான் சொல்லணும்." ஆனால் கொட்டகைக் கதவு திறந்திருந்தது, அவர் வாய் திறப்பதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

பயணப் பையைக் கீழே வைத்தாள். பக்கத்தில் போகவில்லை. தூரத்திலிருந்தே பார்த்தாள், பிறகு இன்னும் இரண்டடி பின்னால் போனாள்.

"யாரு?" என்றாள்.

"நான் மத்மசேல். ஒத்தாசைன்னு நினைச்சு…" குரல் உடைந்தது. "விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அது வேணும்னு விட்டதாம், ஒதில் சொல்றா. எனக்குப் புரியலை. புரியாமலே கை வச்சுட்டேன்."

அவள் கத்துவாள் என்று நான் எதிர்பார்த்தேன். கத்தவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். எதிரே ஆறு, பாப்லர் மரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது.

"கண்ணைப் பாதி மூடுங்க. தண்ணி என்ன நிறம்?"

"பச்சை," என்றார். பிறகு, "இல்ல. அங்க ஆரஞ்சு. இங்க நீலம்."

"நடுவுல?"

கண்ணை இன்னும் சுருக்கினார். "ஒண்ணுமே இல்ல மத்மசேல். வெள்ளையா… கண்ணு கூசுது."

"அதத்தான் விட்டு வச்சேன்," என்றாள் அவள்.

வாழ்நாள் முழுக்க ஆற்றங்கரையில் நின்றவர். தண்ணீர் படகை என்ன செய்யும் என்றுதான் பார்த்திருக்கிறார், தண்ணீரைப் பார்த்ததில்லை. நானும் இல்லை. எனக்குக் கோபம் வடிந்து, அந்த இடத்தில் கூச்சம் வந்து உட்கார்ந்தது. மூன்று கோடையாக அவளுக்கு சூப்பு ஊற்றிக்கொண்டு விக்கல் ஜோக்குக்குச் சிரித்தவள் நான்தானே.

அவள் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தாள், ஒன்றும் நடக்காத மாதிரி. நான் பொன்ஸ்லே சொன்னதைச் சொன்னேன். படம் பிடித்துவிட்டது, மாட்டப்போகிறார்கள், பெயர் போடப்போகிறார்கள். அண்ணன் கேட்டது இதுதானே?

ஆன்செல்ம் பாய்ந்து பிடித்துக்கொண்டார். "ஆமா மத்மசேல்! பேரைப் போட்டுடறேன். இந்த ஜில்லாவுலயே இல்லாத எழுத்தாப் போடறேன். உங்க அண்ணன் வந்து பாத்துட்டுப் போகட்டும். நீங்க இங்கயே இருங்க, வேற படம் வரைங்க, நூறு வரைங்க. இது இப்படித்தான்னு நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன், ஒதிலும் விட மாட்டா."

அவர் கெஞ்சினார். அந்தப் பெரிய உடம்பு, தார் ஏறிய கைகள், ஒரு பெண்ணிடம் கெஞ்சுவதைப் பார்க்க எனக்கு முடியவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"முசியே ஆன்செல்ம்," என்றாள் அவள். "வேற ஒருத்தர் பூசின படகு. முழுக்க ஞாயிற்றுக்கிழமை. நீங்க பூசினதுன்னு சொல்லிக்குவீங்களா?"

"மாட்டேன்," என்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

"அவ்வளவுதான்," என்றாள். கீழ்மூலையில் இருந்த தன் கையெழுத்தைக் கத்தியால் சுரண்டினாள். அது இன்னும் காயாமல் இருந்ததால் சுலபமாக வந்துவிட்டது.

இன்னொன்று வரையலாமே என்று நான் கேட்டேன். செப்டம்பர் வெளிச்சம் போய்விட்டது, அண்ணன் சொன்ன கெடுவும் நெருங்கிவிட்டது என்றாள். பொன்ஸ்லேயிடம் மட்டும், படத்தை ஊருக்குக் கொடுத்துவிடுகிறேன், பெயர் வேண்டாம் என்றாள். "என்ன அடக்கம்! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்," என்று அவர் ஊரெல்லாம் மெச்சினார். எனக்கு அவர் தலையில் சூப்புச் சட்டியைக் கவிழ்க்கத் தோன்றியது.

அவள் போகிற அன்று ஆன்செல்ம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலடிவரை போனார். வழியில் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடியிருக்கிறார், கிடைக்கவில்லையாம். ரயில் நகரும்போது அவள்தான் சன்னலில் குனிந்து, "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க," என்றாளாம். வந்து என்னிடம் சொன்னார். "அப்படிச் சொல்லாம இருந்திருக்கலாம் ஒதில். ஒரு அறை விட்டிருக்கலாம்."

படம் கல்யாண அறையில் ஏறியது. சட்டத்தின் அடியில், பெயர் எழுதுவதற்காக ஆன்செல்மே இழைத்து வெள்ளை அடித்து வைத்த பட்டை ஒன்று, வெறுமையாக. "ஊர் பேரையாவது எழுது," என்று பொன்ஸ்லே சொன்னார். ஆன்செல்ம் கேட்காதவர் போல ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன்பிறகு அவர் ஊர் மன்றத்துப் பக்கம் போகமாட்டார். கூட்டாளி மகன் கல்யாணம் என்றாலும் வெளியே நின்று கைகுலுக்கிவிட்டு வந்துவிடுவார். சாயங்காலம் படித்துறையில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பார். யாராவது கவனித்தால் உடனே புகைக்கிற பைப்பைத் தேடுகிற மாதிரி சட்டைப்பையைத் தடவுவார். லிமோஜிலிருந்து அவள் புதுவருஷ வாழ்த்து மட்டும் அனுப்புவாள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்பாள், வரைவதைப் பற்றி எதுவும் இருக்காது.

ஆனால் நினெத்துக்குக் கல்யாணம் வந்தது. மகள் கல்யாணத்தில் வாசலில் நிற்க முடியாது. மாப்பிள்ளை படகுக்கார வீட்டுப் பையன், தங்கமானவன். ஆன்செல்ம் மகளைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போனார், எதிர்ச் சுவரில் அந்தப் படம். தலையைக் கவிழ்த்தவர்தான், பொன்ஸ்லே கல்யாணச் சட்ட விதிகளைப் படித்து முடிக்கும்வரை நிமிரவில்லை.

"அப்பா," என்று நினெத் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள், எனக்குக் கேட்டது. "நிமிர்ந்து பாருங்கப்பா. அவங்க வீட்டாளுங்க உங்களுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கலைன்னு நினைக்கப்போறாங்க." அவள் கண்ணில் தண்ணீர். அவர் நிமிர்ந்தார். நிமிர்ந்து நேரே அந்தச் செத்த ஆற்றைப் பார்த்தார்.

கையெழுத்துப் போட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா, அதே வயிற்றால் ஊர்ந்து தேடுகிற கூட்டத்து ஆள், சுவரைக் காட்டிக் கூரை அதிரக் கத்தினார்.

"டேய் சம்பந்தி! பாருங்கப்பா எல்லாரும்! ஆன்செல்ம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விட்டிருக்கான்! படச் சட்டத்துல, அடியில! இத்தனை வருஷமா நாம படகுக்கு அடியில தேடிக்கிட்டு இருந்தோம்!"

அறை முழுக்கச் சிரிப்பு. நினெத்தும் சிரித்தாள். யார் வைத்திருந்தாரோ, ஒரு சின்ன பிரஷை எடுத்து ஆன்செல்ம் கையில் திணித்தார்கள். "இப்பவே எழுது! யாரு பேராவது எழுது! உன் பேரையே எழுதிக்கோ!"

அவர் பிரஷைப் பார்த்தார். அதைச் சம்பந்தியின் சட்டைப்பையில் பத்திரமாகச் சொருகினார்.

"அத ரொப்ப மாட்டேன்," என்றார். "விட்டது நான்தான். வாங்க, குடுவை என்னுது."

அன்று என் கடையில் முதல்முறையாக ஆன்செல்ம் தோற்ற ஒயினைக் குடித்தார்கள். ஆரவாரம் தெருக்கோடிவரை கேட்டது. குடுவையை அவரே தூக்கிக்கொண்டு ஒவ்வொரு கிளாஸாக ஊற்றினார், முதுகில் விழுந்த தட்டல்களையெல்லாம் வாங்கிக்கொண்டார். கடைசியில் என் பக்கம் வந்தார். என் கிளாஸை ரொப்பிவிட்டு, சன்னலோரம் மத்மசேல் அந்த நாளில் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் இன்னொரு கிளாஸ் வைத்து அதையும் ரொப்பினார். தனக்கு ஊற்றிக்கொள்ளவில்லை.